மேற்கு ஸ்பீக்கரில் தேய்ந்த வயலின்

என் வீட்டுக் கூடத்தில் இசை கேட்பதற்கென்று சில கருவிகள் உள்ளன: தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் இவற்றை இப்பெயர்களால் எழுதலாமா என்று பழைய மாணவர் எவரேனும் வினவினால், என்னிடம் விடை ஆயத்தமாக உள்ளது. ஒருமுறை கடைத்தெருவில் மின்பொருள் விற்பவர் ஒருவரிடம் ஆம்ப்ளிஃபயருக்கு உரிய கலைச்சொல்லைச் சொல்லி, "மிகைப்பி உள்ளதா?" என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், "நாட்டு மருந்து கடை அந்தாண்ட இருக்குதுங்க சார்" என்று கை காட்டினார். அன்றிலிருந்து கருவிகளின் பெயரில் மட்டும் கடைக்காரர் வழக்கையே பின்பற்றி வருகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு இசைத்தட்டு ஒன்றைக் கேட்பது என் ஒழுக்கம். என்னிடமுள்ள தட்டுகளுள் பெரும்பாலானவற்றில் பாட்டு நடுவிலிருந்தும், வயலின் ஒரு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும், மிருதங்கம் மறுபக்கத்திலிருந்தும் எழும். என் கூடத்தில் வயலின் மேற்கில், மிருதங்கம் கிழக்கில். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அந்த மேற்கு வயலின் மெல்ல மெல்லத் தேயத் தொடங்கியது. முதலில் மேல்ஸ்தாயியின் மெல்லிய இழைகள் மறைந்தன. பின்னர், பாடகர் ஓர் அடியை முடித்து வயலினுக்கு இடம் விட்டுக் காத்திருக்கும் வேளையில், அந்த இடமே வெற்றிடமாக நின்றது. நான் கேட்டு வந்தது அந்த வயலினைத்தான். பாட்டு அதற்கு ஒரு முன்னுரை என்றே கருதி வந்தவன் நான்.

அவ்வேளையில், பழைய சொற்களஞ்சியம் ஒன்றைப் பிழை திருத்திக் கொடுத்ததற்காகப் பதிப்பகம் ஒன்று எனக்கு முப்பதாயிரம் ரூபாய் அனுப்பியது. என் மனைவி ஊராட்சிப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். எதையும் ஒரே தடவையில் தீர்ப்பவர்.

"அந்தக் காசு உங்க காசு. நான் ஒண்ணியும் கேக்கல. ஆனா ஒரே ஒரு சாமான்தான். மாத்திட்டு அப்பால வந்து, இது இல்ல அதுன்னு நிக்கக் கூடாது" என்றார்.

முப்பதாயிரத்தில் ஒன்றைத்தான் மாற்ற இயலும். தவறானதை மாற்றினால் பணமும் போகும், வயலினும் திரும்பாது. ஆகவே எதை முதலில் மாற்றுவது என்னும் வினாவை, ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேர்வதைப் போன்ற கவனத்துடன் அணுகினேன்.

எனக்கு அறிவுரையாளர் இருவர் வாய்த்தனர். ஒருவர், ஊரில் திருவிழாக்களுக்கு மைக் செட் அமைத்தும் பழுது பார்த்தும் வாழும் மெக்கானிக். அவரும் கீழ்பென்னாத்தூர்க்காரர், நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவர். என்னை ஐயா என்பார். ஒரே ஊர் என்னும் உரிமையில் என் மனைவியை அக்கா என்பார். மற்றவர், எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டவர். பொறியாளராக இருந்தவர். மௌனம் பயில்வதற்காகத் தம் நாட்டை விட்டு இவ்வூருக்கு வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. திங்களும் வியாழனும் வாய் திறவார். மற்ற நாள்களில், இசைக் கருவி என்னும் சொல் காதில் விழுந்துவிட்டால், அவர் வாயை மூடச் செய்வது அரிது. மௌன நாள்களிலோ தம் கருத்துகளைச் சிறு சிறு துண்டுத்தாள்களில் ஆங்கிலத்தில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிடுவார். ஒரு திங்களன்று பதினொரு தாள்கள் வந்தன. மௌனம் அவ்வளவு நீளமானது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மெக்கானிக்கின் முடிவு உடனடியானது. "ஸ்பீக்கர்தான் ஐயா. உள்ள இருக்கற காகிதம் நைஞ்சி போயிருக்கும். நல்லதா ரெண்டு பெரிய பொட்டி போட்டுடலாம். பேஸ் ஜாஸ்தி வச்சிக்கலாம். நீங்க இங்க பாட்டு போட்டா ரோட்டு வரிக்கும் கேக்கும்."

"சாலைக்குக் கேட்க வேண்டியதில்லை. எனக்குக் கேட்டால் போதும்" என்றேன்.

"அதுக்குத்தான் ஐயா சொல்றேன்" என்றார்.

மாடிக்காரரின் கொள்கை வேறு. ஒலி பிறக்கும் இடத்தில் இல்லாததைப் பின்னால் வரும் எந்தக் கருவியும் கூட்டித் தர முடியாது. ஆகையால் முதலில் மாற்ற வேண்டியது தட்டைத் தொடும் முள் என்று மூன்று தாள்களில் எழுதியிருந்தார். அவ்வாதம் எனக்கு உவப்பாக இருந்தது. மூலபாடம் பிழையானால் உரை என்ன செய்யும்? ஆயினும், நடுவில் அமர்ந்து ஒன்றும் அறியாததுபோல் சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர்மீதுதான் எனக்கு உள்ளூர ஐயம்.

இங்கே என் கூடத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு மலைக்குத் தெற்கே, செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் உள்ளது. கூடத்தின் வடக்குச் சன்னலில் மலை முழுதாகத் தெரியும். ஆகவே என் நாற்காலி வடக்கு நோக்கியே இருக்கும். மலையையே கடவுளாக வணங்கும் ஊர் இது; மலைக்கு நேராகக் கால் நீட்டுவதும், அதற்கு முதுகு காட்டி அமர்வதும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் வீடு கட்டியபோது மின்பணியாளர் பிளக்குகளைத் தெற்குச் சுவரில் வைத்துவிட்டார். ஆகவே கருவிகள் யாவும் தெற்குச் சுவரை ஒட்டி, மேற்கு மூலையில் ஒரு ஸ்பீக்கரும் கிழக்கு மூலையில் ஒன்றுமாக நிற்கின்றன. சுருங்கச் சொன்னால், பத்தொன்பது ஆண்டுகளாக அவை என் முதுகுக்குப் பாடி வந்தன. இதை முதன்முறை கண்டபோது மாடிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். நான் அதை வணக்கம் என்று எண்ணிப் பதில் வணக்கம் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை மெக்கானிக் வந்து ஆய்வைத் தொடங்கினார். முதலில் மேற்கு ஸ்பீக்கரைத் தூக்கிக் கிழக்கிலும், கிழக்கு ஸ்பீக்கரை மேற்கிலும் வைத்தார். குறை ஸ்பீக்கரில் இருந்தால் அது கிழக்கே இடம் பெயர வேண்டும். தட்டு சுழன்றது. நான் வடக்கு நோக்கி அமர்ந்து கண்களை மூடினேன்.

"இன்னா ஐயா?"

"மேற்கேதான் மங்கல்."

"அப்போ ஸ்பீக்கரு மேல தப்பு இல்ல" என்றார், பெரிய பெட்டிகளின் விற்பனை கைநழுவிய வருத்தம் குரலில் தெரிய. அடுத்து ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் இரு ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினார். இப்போது வயலின் கிழக்கிலிருந்தும் மிருதங்கம் மேற்கிலிருந்தும் வரும். குறை ஆம்ப்ளிஃபயரிலோ முள்ளிலோ இருந்தால் அது வயலினோடு சேர்ந்து கிழக்கே போக வேண்டும். போகவில்லை. வயலின் கிழக்கில் மணிமணியாக ஒலித்தது. பாவம் மிருதங்கம், மேற்கே போனதும் கம்பளிக்குள் வைத்து அடிப்பதுபோல் ஆகிவிட்டது.

"உமக்கு எவ்வாறு கேட்கிறது?" என்று வினவினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் ஐயா கேக்குது. ஆனா என் காத நம்பாதீங்க. முப்பது வருஷம் கோயில் கூம்பு ஸ்பீக்கரு பக்கத்துலயே படுத்துத் தூங்கினவன். நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மாடிக்காரரை அழைத்துக் கேட்கச் செய்தேன். அவர் செவிக்கு இரு பக்கமும் சமமாகவே மோசமாக இருந்தன. எனினும், ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் முள்ளும் ஆகிய யாவும் குற்றமற்றவை என்றால் எஞ்சுவது அறைதான் என்று, பேசும் நாளாகையால் முக்கால் மணி நேரம் விளக்கினார். மேற்கு மூலை ஒலியை விழுங்குகிறதாம். முதலில் மாற்ற வேண்டிய கருவி அறையே என்பது அவருடைய புதிய கொள்கை.

இதை எழுதும் இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் வேறொரு கொள்கை எழுந்துவிட்டது. எழுந்த வேகத்திலேயே அதை உட்கார வைத்தேன். என் தந்தையாருக்கு என் வயதில் காது மந்தமாயிற்று. அவர் அதை எவரிடமும் சொல்லாமல், எதைக் கேட்டாலும் தலையசைத்து வந்தார். அந்தத் தலையசைப்பை நம்பி உறவினர் ஒருவர் எங்கள் கொல்லையிலிருந்த தென்னையை வெட்டிக்கொண்டு போனார். அதன்பின் வீட்டில் சிறுபிள்ளைகூட அவரிடம் கையைக் காட்டித்தான் பேசியது. எனக்கு அந்நிலை வருவதைக் காட்டிலும் வீட்டின் மேற்குச் சுவரை இடித்துக் கட்டுவது எளிதாகத் தோன்றியது. ஆகவே அறைக் கொள்கையை மிகுந்த ஆர்வத்துடன் ஏற்றேன்.

மேற்கு மூலையில் இருந்த இரும்பு பீரோவை அகற்றினோம். அதில் பயனில்லை. அவ்விடத்தில் புத்தக அலமாரியை வைத்தோம். சங்க நூல்களை மேல்தட்டிலும் அகராதிகளைக் கீழ்த்தட்டிலும் அடுக்கிக் கேட்டேன். மாற்றி அடுக்கியும் கேட்டேன். பின்னர் மாடிக்காரர் தந்த இரண்டு கம்பளிப் போர்வைகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம்.

என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "ஊருல அவனவன் செவுத்துக்கு வெள்ள அடிப்பான். நீங்க செவுத்துக்குப் போர்வ போத்துறீங்க. குளிருதாமா அதுக்கு?"

"அது ஒலியியல்" என்றேன்.

"இன்னா இயலோ. ஒட்டடை அடிக்கிறப்போ நான் கழட்டிடுவேன்" என்றார்.

மங்கல் மாறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மெக்கானிக் மீண்டும் வந்தார். மாடிக்காரரும் இறங்கி வந்தார். மௌன நாளாகையால் கையில் தாள்கட்டும் பேனாவும். வந்ததும் ஒரு தாளை நீட்டினார். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். நாற்காலியை மட்டும் மாற்றவில்லை. அதைத் தெற்கே, ஸ்பீக்கர்களை நோக்கித் திருப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது.

"இயலாது" என்றேன். காரணத்தையும் சொன்னேன். மலையை நாடி இவ்வளவு தொலைவு வந்தவருக்கு நானே இதை விளக்க வேண்டியிருந்தது. அவர் பணிவுடன் தலை குனிந்து, பின் அதே தாளில் 'நாற்காலி' என்னும் சொல்லின்கீழ் இரண்டு கோடு போட்டார்.

என் மனைவி உள்ளிருந்து வந்தார். "ஏங்க, செங்கத்துக்கு பஸ்ஸுல போறீங்களே, முதுகத் திருப்பிக்கினுதான போறீங்க? மலை இன்னா கோவிச்சிக்கினா இருக்குது?"

"பேருந்து செல்வது பயணம். இது அமர்வது."

"ஐயா, ஒண்ணு பண்ணலாம்" என்று மெக்கானிக் இடைபுகுந்தார். "ஜன்னல் ஸ்கிரீன இழுத்து வுட்டுடலாம். அப்போ மலைக்கு நீங்க தெரிய மாட்டீங்க, உங்களுக்கு மலை தெரியாது. அஞ்சி நிமிஷம் வேல."

அந்த வாதத்தின் ஏரணம் ஐயத்துக்குரியது. ஆயினும் சபை ஒப்பியது. சன்னல் திரையை முழுதும் இழுத்தோம். அதற்கு முன் நான் ஒரு கணம் மலையை நோக்கிக் கைகூப்பினேன். விடுப்பு விண்ணப்பம் கொடுப்பவனின் மனநிலை. மெக்கானிக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின் நாற்காலியைத் தெற்கே திருப்பி அமர்ந்தேன். பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக என் ஸ்பீக்கர்களை நேருக்கு நேர் பார்த்தேன். ஒயர்கள் பழையபடி மாட்டப்பட்டிருந்தன: வயலின் மேற்கில், மிருதங்கம் கிழக்கில். முள் தட்டைத் தொட்டது.

மேற்கிலிருந்து வயலின் வந்தது. ஓர் இழை குறையாமல், மேல்ஸ்தாயியின் நுனி வரைக்கும். நான் எழுந்தே விட்டேன்.

"வந்துவிட்டது!"

"நான் சொல்லல, நாற்காலிதான் கோளாறு!" என்றார், அவ்வாறு ஒருபோதும் சொல்லாத மெக்கானிக். மாடிக்காரர் பேனாவை வானத்தை நோக்கி உயர்த்தினார்.

மீண்டும் அமர்ந்து கேட்டேன். மகிழ்ச்சி அரை நிமிடம் நீடித்தது. பின்னர் சொன்னேன்: "மிருதங்கம் எங்கே?"

"கெழக்கால ஐயா."

"கிழக்கு மங்கியிருக்கிறது."

மெக்கானிக் கிழக்கு ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். வடக்கு நோக்கி அமர்ந்தால் என் இடப்பக்கம் மேற்கு; தெற்கு நோக்கி அமர்ந்தால் இடப்பக்கம் கிழக்கு. அவர் பார்வை நாற்காலியிலிருந்து மெல்ல ஏறி என் தலையின் இடப்பக்கத்தில் வந்து நின்றது. நின்றதும், மரியாதை கருதி உடனே விசிறிக்குத் தாவியது. மாடிக்காரர் எதையோ எழுதத் தொடங்கினார், நிறுத்தினார், தாளைக் கிழித்து என்னிடம் தராமல் என் மனைவியிடம் தந்தார். எட்டிப் பார்த்தேன். அதில் எழுத்தே இல்லை. ஒரு காது வரைந்திருந்தார். பொறியாளர் அல்லவா, அளவு பிசகாமல் வரைந்திருந்தார்.

என் மனைவி அத்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா சாப்புடறப்போ நான் எந்தப் பக்கம் உக்காறேன்?"

எண்ணிப் பார்த்தேன். வலப்பக்கம். முன்பெல்லாம், சமையலறைக்கு எழுந்து போக வசதியாக, இடப்பக்கம் அமர்ந்தவர் அவர்.

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேங்க. அந்தப் பக்கமா உக்காந்துக்கினு சொன்னப்போ உங்களுக்குக் கேக்கல. இந்தப் பக்கம் வந்தப்பறம் சொல்லத் தேவைப்படல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அப்பா மாதிரி ஆயிடுவோம்னு பயந்துக்கினு இருந்தீங்க. அதுதான் எனக்குத் தெரிஞ்சி போச்சே. நான் எதுக்கு அத வேற நோண்டிக்கினு" என்றார்.

குரலைத் தாழ்த்தியபோதும் அவர் என் வலப்பக்கமாக நின்றே சொன்னார்.

மறுநாள் நகரில் செவி மருத்துவரிடம் இருவரும் சென்றோம். அங்கே ஒலி புகாத சிற்றறை ஒன்றில் என்னை அமர்த்தி, காதுகளில் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வாழ்நாள் முழுதும் தேர்வு வைத்தவனுக்குத் தேர்வெழுதும் நடுக்கம் பிடித்தது. நல்ல மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்னும் முனைப்பில் விடாமல் அழுத்தினேன். சோதித்த பெண் கதவைத் திறந்தார்.

"சார், நான் இன்னும் சவுண்டே விடல."

மறுதேர்வில் நேர்மையாக அழுத்தினேன். இடச்செவியின் நரம்பு தளர்ந்திருக்கிறது, முதுமையன்றி வேறு கேடில்லை, கருவி ஒன்று போதும் என்று மருத்துவர் சொன்னார். கருவியின் விலை என்னிடமிருந்த தொகைக்குள் அடங்கியது. ஒரே பொருள்தான் என்னும் விதியும் மீறப்படவில்லை. என் மனைவி அதைக் காது மெஷின் என்கிறார். நான் அதற்குரிய தூய சொல்லை அவருக்குச் சொல்லவில்லை.

அன்று மாலை ஐந்து மணிக்கு நாற்காலியை வடக்கு நோக்கித் திருப்பி, திரையை விலக்கி, கருவியைச் செவியில் பொருத்திக்கொண்டு தட்டைப் போட்டேன். பாடகர் அடியை முடித்தார். இடம் விட்டார். என் முதுகின் மேற்குப் புறத்திலிருந்து வயலின் புறப்பட்டு, பாடகர் போன வழியிலேயே போய், அவர் நிற்காத ஓரிடத்தில் கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது. தட்டின் அப்பக்கம் முடியும்வரை நான் அசையவில்லை. முடிந்ததும், மறுபக்கத்தைத் திருப்பாமல் முதற்பக்கத்தையே மீண்டும் போட்டேன்.

மூன்று நாள் கழித்து ஒரு புதிய குறை தோன்றிற்று. ஆம்ப்ளிஃபயரின் திசையிலிருந்து ஓர் உறுமல். இடைவிடாத, அடித்தொண்டை உறுமல். தொகை முழுதும் செவிக்குச் சென்றுவிட்டது. இனி ஆம்ப்ளிஃபயர் போனால் போனதுதான். உடனே மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தேறி வந்து, ஆம்ப்ளிஃபயர்முன் குந்தி அமர்ந்தார்.

"இதோ, இப்போதுகூட உறுமுகிறது. கேட்கிறதா?"

"கேக்குதுங்க ஐயா." சற்று நேரம் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "ஆனா ஐயா, நீங்க ஸ்விட்சே போடலியே."

விளக்கு எரியவில்லை. அவர் எழுந்து, தலையைச் சாய்த்தபடி ஒலியைப் பின்தொடர்ந்து சமையலறைக்குள் சென்றார். நானும் பின்னால் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம், ஆம்ப்ளிஃபயருக்கு நேர் பின்னால், கிரைண்டரில் இட்லி மாவு அரைந்துகொண்டிருந்தது.

"இன்னாப்பா தேடுற?" என்றார் என் மனைவி.

"சத்தத்த தேடிக்கினு வந்தேன் அக்கா."

"இதானா? இது ஒரு வருஷமா இப்பிடித்தான் உறுமுது. பெல்ட்டு போச்சு, ஆள வரச் சொல்லுங்கன்னு இவுருகிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "ஆகட்டும்னீங்க, இல்ல?"

ஆகட்டும் என்று நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கேட்கவில்லை என்று சொல்லும் வழி இனி அடைபட்டுவிட்டது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கி, கிரைண்டரைச் சாய்த்து, அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே இருட்டாக இருந்தது. நான் டார்ச் விளக்கை எடுத்து வந்து பிடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல ஐயா" என்றார் அவர். இடப்பக்கம் சற்று நகர்ந்து பிடித்தேன்.